வைத்தியலிங்கத்தின் எட்டடிக் கடல்

முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடலாம், கடைசிவரை மூடி வைத்து என்ன ஆகப்போகிறது: வைத்தியலிங்கத்தின் மீன்தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மீனும் கிடையாது. தண்ணீரே இல்லாதபோது மீன் எங்கிருந்து வரும்.

தொட்டி என்னவோ நிஜம். எட்டடி நீளம், இரண்டரை அடி உயரம். மகன் வேலை கிடைத்து ஓசூர் போனதும் அவன் அறையை இடித்துப் பூசி, சுவர் முழுக்க நீல டைல்ஸ் பதித்து, மேலே வரிசையாக விளக்கு மாட்டி, இரும்பில் தாங்கி அடித்து, அதன்மேல் கண்ணாடி ஒட்ட வைத்தார். ஒட்டிய ஆள் போகும்போது தெளிவாகச் சொன்னான்: "ஏழு நாள் கை வைக்காதீங்க சார். பசை காயணும்."

மூன்றாம் நாள் வைத்தியலிங்கம் காலண்டரைப் பார்த்தார். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். தொட்டியை ஈசானி மூலைக்கு நகர்த்த இதைவிட்டால் நாளே இல்லை என்று நாலு ஆளை வைத்துத் தள்ளினார். நல்ல நேரம் பிறந்து பத்தாவது நிமிஷம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூலையில் பசை விட்டுக்கொண்டது. பிரித்து மறுபடி ஒட்டலாம் என்று பார்த்தால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி வரட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டார்.

கதவைச் சாத்தியவர் வாயையும் சாத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆறு வீடு இருக்கும் அந்த அம்பத்தூர் பில்டிங்கில், வாசல் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வாரமாக அவர் அளந்தது கொஞ்சநஞ்சமில்லை. கண்ணாடி எவ்வளவு தெளிவு என்றால், ஒட்ட வந்தவனே அது எங்கே இருக்கிறதென்று அரைநாள் காற்றைத் தடவிக்கொண்டிருந்தானாம். டைல்ஸ்காரன் சும்மா அந்தரத்தில் டிபன் பாக்ஸை வைத்தானாம், அது அப்படியே நின்றதாம். நம்பினார்களா என்றால் இல்லை. ஆனால் கேட்டார்கள். பஸ் டிப்போவில் டயர் செக்‌ஷனிலிருந்து ரிடையர் ஆனதிலிருந்து வைத்தியலிங்கத்தை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, "என்ன சார், மீன் என்ன பண்ணுது?" என்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்காக அவர் எதை வேண்டுமானாலும் சொல்வார். சொல்லிக்கொண்டும் இருந்தார்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, பில்டிங்கில் ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

எல்லோரும் கீழே, தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். இரண்டாம் மாடி கோகுல் தலை நிறைய ஷாம்பு நுரையோடு துண்டு கட்டிக்கொண்டு நின்றான். கீழ்வீட்டு நசீமா கையில் பாதி கழுவிய குக்கர். நடுவில் செக்ரட்டரி ஜெபராஜ், கையில் வால்வு திருகும் நீள இரும்புச் சாவி. மொட்டை மாடியில் வீட்டுக்கு ஒரு வால்வு உண்டு. அதை மூடினால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் போகாது.

"நேத்து சாயங்காலம் மேல் டேங்க்கை நானே கழுவினேன். குரூப்ல போட்டோகூட போட்டேன்," என்றார் ஜெபராஜ். "அப்புறம் மோட்டார் போட்டு வழிய வழிய ரொப்பினேன். சம்ப் காலி ஆயிடுச்சு, தண்ணி லாரி இனி மத்தியானம்தான். காலைல பாத்தா மேல டேங்க்கும் காலி. ராத்திரியோட ராத்திரியா ஆறாயிரம் லிட்டர் எங்க போகும்?"

"கழுவின தண்ணியை வெளிய விட அடியில ஒரு வால்வு இருக்குமே, அதை நல்லா மூடினீங்களா சார்?" என்றாள் நசீமா.

"முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ் லாக்கர் சாவி வெச்சிருந்தவன்மா நான்," என்றார் ஜெபராஜ். அது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. ஆனால் சொன்ன தோரணையில் யாரும் மேலே கேட்கவில்லை. "ஆறாயிரம் லிட்டர் பிடிக்கிற மாதிரி இந்த பில்டிங்ல ஒரு வீட்லதான் ஏற்பாடு இருக்கு."

எல்லோரும் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்கள்.

'தொட்டி காலி' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது. வைத்தியலிங்கம் வாயைக்கூடத் திறந்தார். மூன்று வாரப் பேச்சு வந்து தொண்டையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

ஜெபராஜும் நல்ல மனுஷன்தான். வழி விட்டார். "சின்னத் தொட்டின்னா சொல்லிடுங்க சார். ரெண்டு பக்கெட் பிடிக்கும்னு சொல்லுங்க, இந்தச் சாவியை வீட்ல வெச்சிட்டு நான் என் வேலையைப் பாக்கறேன். பெரிசுதான்னா, உங்க வால்வை ஒரு வாரம் மூடத்தான் வேணும்."

ரெண்டு பக்கெட். அந்தச் சொல் வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"ரெண்டு பக்கெட்டா? சார், அந்தத் தொட்டியில இந்தக் கோடி மீனுக்கு விடியறப்போ அந்தக் கோடி மீனுக்குச் சாயங்காலம். லிட்டர்ல கேக்கறீங்க. அதைக் கிலோமீட்டர்லதான் சொல்லணும்."

"அப்ப எங்க தண்ணிதான அங்கிள் அது?" என்றான் கோகுல்.

"உங்க தண்ணியை என் மீன் தொடாது தம்பி. உப்பு. மொத நாள் ஒரு சொம்பு காட்டினேன், மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அப்புறம் என்ன பண்றது, பூண்டி ஏரிப் பக்கம் போயிட்டிருந்த மேகம் ஒண்ணைக் கை தட்டிக் கூப்பிட்டேன். அதுவும் வந்துச்சு. மாடிப்படி திருப்பத்துல மாட்டிக்கிச்சு. பீரோ ஏத்தறப்ப மாட்டுமே, அந்த மாதிரி. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு, நானும் எங்க வீட்ல அவளுமா மேல ஏத்தினோம்."

"எங்க வீட்டு வாசலைத் தாண்டித்தான அண்ணே படி. நான் பாக்கலையே," என்றாள் நசீமா.

"அன்னிக்கு வாசல்ல யாரு ஈரம் பண்ணினதுன்னு சத்தம் போட்டீங்களேம்மா. வேற யாரு?"

"அது எங்க சின்னவன்."

கோகுல் சிரித்ததில் நுரை கொஞ்சம் கண்ணில் இறங்கியது. ஜெபராஜ் சிரிக்கவில்லை. "ஆடி மாச மேகத்துல தண்ணி ஏது சார்? வெறும் காத்து."

"அதான் சார் நானும் சொல்ல வந்தேன்," என்றார் வைத்தியலிங்கம். அவர் சொல்ல வந்தது அதுவல்ல. "மேகம் கணுக்கால் அளவுக்குத்தான் வந்துச்சு. மீதியை மீனே பாத்துக்கிச்சு. அமேசான் பக்கத்து மீன். கொளத்தூர் மீன் கடையிலேர்ந்து பேப்பர்ல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். வீட்ல விட்டதும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. அழுதுச்சு பாருங்க ஒரு அழுகை. தேத்த முடியல. விடியறதுக்குள்ள தொட்டி ரொம்பிடுச்சு."

நசீமா குக்கரைக் கீழே வைத்தாள். "அழுத தண்ணி உப்பால்ல இருக்கும். உப்புன்னு நம்ம தண்ணியைத் தொடலன்னு இப்பத்தான சொன்னீங்க."

வைத்தியலிங்கம் நசீமாவைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு எதையும் மறக்கிற பழக்கமே இல்லை.

"அடுத்தவங்க உப்புதான்மா கரிக்கும். தன் கண்ணீர் தனக்கு இனிக்கும்."

சொன்னதும் அவருக்கே அது பிடித்துப்போனது. அதுதான் வம்பு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். குரல் தானாக ஏறியது.

"இப்ப எப்படி வளந்துடுச்சுங்கறீங்க. அது ஒரு தடவை திரும்பணும்னா வாலை பால்கனிக்கு அனுப்பிட்டுத்தான் திரும்பணும். தம்பி, உன் நீலச் சட்டை கொடியில காணோம்னு தேடினியே?"

"அது கிடைச்சிடுச்சு அங்கிள்."

"கிடைச்சிருக்கும். அதுக்கு நீலம் பிடிக்காது. திருப்பிப் போட்டிருக்கும்."

"சார்," என்றார் ஜெபராஜ், "மணி எட்டரை. நான் வால்வை மூடப் போறேன்."

"மூடுங்க. ஒரு வால்வை மூடிட்டா நின்னுடுமா? நான் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். இந்த பில்டிங்குக்கு அஸ்திவாரம் போன மாசமே விட்டுப்போச்சு சார். இப்ப நாம எல்லாரும் என் தொட்டித் தண்ணி மேலதான் மெதந்துக்கிட்டு இருக்கோம். ஒரு சுத்து திரும்பிட்டோம், பாடிப் பக்கமா ரெண்டு தெரு நகந்தும் இருக்கோம். இல்லன்னா கொரியர்க்காரன் தினம் போன் பண்ணி வீடு எங்கன்னு எதுக்குக் கேக்கறான்?"

 கொரியர்க்காரன் தினம் போன் பண்ணுவது என்னவோ உண்மை. கோகுல் ஒரு நிமிஷம் தெருவைக்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஜெபராஜ் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறத் தொடங்கினார். வைத்தியலிங்கம் யோசித்தார். ஒரு வாரம் தண்ணீர் வராது. மனைவி தனபாக்கியத்திடம் என்ன சொல்வது? இப்போதுகூட, 'சார், தொட்டி காலி' என்றால் அவர் நின்றுவிடுவார். ஆனால் நாளைக் காலை பெஞ்சில் உட்கார்ந்தால் யார் வந்து என்ன கேட்பார்கள்?

 படித் திருப்பத்தில், மேகம் மாட்டிக்கொண்ட அதே இடத்தில், தனபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் மேகத்திலிருந்தே கேட்டிருப்பாள் போலிருந்தது.

"வால்வை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துடுங்க சார்," என்றாள். "எல்லாருமே வாங்க."

"இப்ப வேண்டாம்," என்று வைத்தியலிங்கம் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தார். "அது தூங்கற நேரம். ஆளுங்க வந்தா பயந்துக்கும்."

"பயப்படாது," என்றாள் தனபாக்கியம்.

அறைக்கதவு திறந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். நீலச் சுவரில் வரிசையாக விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எட்டடிக் கண்ணாடித் தொட்டி மினுமினுத்தது. உள்ளே நாலு தலையணை, மடித்த ஜமுக்காளம், இரண்டு போர்வை, ரேஷன் அரிசி மூட்டை, பெரிய இட்லிப் பானை. விளக்குச் சூடு நேராக விழுகிற ஓரத்தில், வெள்ளைத் துணியில் கூழ்வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் எல்லோரும் மீன் பார்க்க வந்தவர்கள் மாதிரியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பசை விட்டு ஒரு மாசம் ஆவப்போவுது சார்," என்றாள் தனபாக்கியம். "ஒரு சொம்புகூட ஊத்தல."

ஜெபராஜ் முகம் மாறியது. தண்ணீர் இங்கே வரவில்லையென்றால் வேறு எங்கே போயிருக்கும்?

"அந்த அடி வால்வு சார்," என்றாள் நசீமா மறுபடி, ரொம்பப் பொறுமையாக.

அவர் மேலே ஓடினார். மொட்டை மாடியில் இரும்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தவர், சாவியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். "கால் சுத்து பாக்கி இருந்திருக்கு," என்றார். யாரையும் பார்க்கவில்லை. "பின்பக்கச் சாக்கடை வழியா போயிருக்கு. லாரி மத்தியானம் வந்துடும். வைத்தி சார், தப்பா நெனச்சுக்காதீங்க."

ஆக, வைத்தியலிங்கம் பழியிலிருந்து தப்பிவிட்டார். திருடன் இல்லை என்று ஆறு வீட்டுக்கும் தெரிந்தது. நியாயமாக அவர் சந்தோஷப்பட வேண்டும். தலையணைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வடகத்தைப் பார்த்தார்.

"என்ன அங்கிள்," என்றான் கோகுல். நுரை காய்ந்து தலை ஒரு தொப்பி மாதிரி விறைத்திருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல?"

வைத்தியலிங்கம் மெதுவாக நிமிர்ந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார்.

"இல்லன்னு யார் சொன்னா? நல்லா குனிஞ்சு பாரு தம்பி. விளிம்பு வரைக்கும் நிக்குது. கண்ணாடி எப்படிக் கண்ணுக்குத் தெரியாதோ, அப்படித்தான் தண்ணியும். அவ்வளவு சுத்தம். மீனும் அதைக் குடிச்சுக் குடிச்சு அதே மாதிரி ஆயிடுச்சு. அந்த ரெண்டாவது தலையணையைப் பாரு, லேசா மெதக்குது."

கோகுல் குனிந்து பார்த்தான். நசீமாகூட ஓர் அடி முன்னால் வந்தாள்.

தனபாக்கியம் இரண்டு குடத்தையும் புருஷன் கையில் கொடுத்தாள்.

"அப்ப இது ரெண்டுலயும் மொண்டு குடுங்க. அரிசி களையணும். மிச்சத்துல அந்தப் பையன் தலையை அலசி விடுங்க, பாவம், ஆபீஸ் போகணும்."