நல்ல தண்ணிக் கிணறு

கனடாவைத் தமிழருக்குச் சுற்றிக்காட்டும் பஸ் ஒன்றில் வழிகாட்டியாக இருந்தவர் மலர்விழி. ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரீச்சர் என்பார்கள். அவரிடம் தொழில் பழக வந்தவர் தவராசா. பழக வந்தவருக்குத்தான் வயது கூட. ரீச்சர் அவரை ‘அண்ணை’ என்பார்.

தவராசா லேசுப்பட்ட ஆளில்லை. எந்த மலை எங்கே, எந்த ஏரி எவ்வளவு பெரிது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்கிற சனம்தான் நித்திரையாகிவிடும்.

இந்தப் பயணம் அவருக்குப் பரீட்சை. சுப்பீரியர் ஏரிக்கரையோடு மேற்கே போய், சனம் திருப்தியாக ரொறன்ரோ திரும்பினால் மைக் இனி அவருடையது. இல்லாவிட்டால் பழையபடி கம்பனியின் சமையல்கட்டில் சோற்றுப் பார்சல் கட்ட வேண்டியதுதான்.

காலையில் மைக்கைப் பிடித்தார்.

“இடது கைப்பக்கம் நீங்கள் பார்ப்பது, பரப்பளவில் உலகத்திலேயே மிகப் பெரிய நன்னீர் ஏரி...”

பின்சீட்டில் குறட்டை கேட்டது. அவர் விடவில்லை. ஆழம், அகலம், தீவுகள் என்று ஒப்புவித்துக்கொண்டே போனார்.

மத்தியானமாகியும் ஏரி முடியவில்லை. சபாநாதன் என்ற பெரியவர் எழும்பினார்.

“எவ்வளவு நேரம்தான் மரத்தையும் தண்ணியையும் பாக்கிறது? பஸ்ஸைத் திருப்புங்கோ!”

“ஓமோம், திருப்புங்கோ!” என்றது பாதி பஸ்.

தவராசாவின் முகம் செத்துப்போனது. மைக்கை வைத்துவிட்டு ரீச்சரின் பக்கத்தில் வந்து இருந்தார்.

“நான் ஏதும் பிழையாச் சொன்னனானோ, ரீச்சர்?”

“இல்லை.”

“பிறகேன் இந்த நாடு ஒருத்தருக்கும் பிடிபடுகுதில்லை?”

“உங்களுக்குப் பிடிபட்டுதோ, அண்ணை?”

தவராசா வாயைத் திறந்தார். வந்ததெல்லாம் இலக்கங்கள்.

ரீச்சர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். தேத்தண்ணிப் பேணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். தவராசா பின்னால் போனார்.

கரையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அக்கரை தெரியவில்லை. ரீச்சர் குனிந்து பேணியில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“குடியுங்கோ.”

தவராசா ஓரடி பின்னால் போனார்.

“கடல்தண்ணியை ஆரும் குடிக்கிறதே!”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. நீட்டிய கையை இறக்கவுமில்லை.

உப்புக்குப் பயந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு மிடறு விழுங்கினார். உப்பு வரவில்லை. பல் கூசும் குளிர்ச்சி, அதற்குப் பின்னால் தித்திப்பு. பேணியைக் காலி செய்தார். பிறகு சப்பாத்து நனைவதையும் பாராமல் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்.

அவர் புங்குடுதீவில் பிறந்தவர். சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு, ஒரு குடம் நல்ல தண்ணிக்காகத் தாயின் பின்னால் வெயிலில் நடந்தவர். அந்த நடை முழுவதும் இப்போது அவர் கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது.

பஸ்ஸுக்கு ஓடினார். மைக்கைத் தேடவில்லை.

“எல்லாரும் இறங்குங்கோ! நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு காட்டிறன்!”

“கிணறோ? எங்கை?” என்றார் சபாநாதன்.

“உங்கட கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும்!”

முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். சபாநாதன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். திரும்பவும் வைத்தார். பிறகு கற்களில் முழங்காலை ஊன்றிவிட்டார்.

“உப்பில்லை! எட கடவுளே, இவ்வளவுக்கும் உப்பில்லை!”

அவ்வளவுதான். சீலைக்கரை நனைய நனையப் பெண்கள் இறங்கினார்கள். போத்தல்கள் நிரம்பின. குறட்டை விட்டவர் தலையிலும் ஊற்றிக்கொண்டு குளிரில் கூச்சலிட்டார். மறுபடி ஏறியபோது இடது பக்க யன்னல்களுக்கு அடிபிடி.

“இனித் திருப்பக் கூடாது!” என்று சத்தம் போட்டார் சபாநாதன். “இது முடியிற இடம் வரைக்கும் பஸ்ஸை விடுங்கோ. தவராசா, நீர் சொல்லும், கேப்பம்!”

பஸ் முழுக்கக் கைதட்டியது. ரீச்சர் மைக்கை எடுத்துத் தவராசாவின் கையில் வைத்தார்.

“இனி இது உங்கட.”

தவராசாவின் தாடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ரீச்சர், இப்பிடி ஒரு விசயம் இருக்கெண்டு நீங்கள் எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?”

“காலமை மைக்கிலை நீங்கள்தானே, அண்ணை, ‘நன்னீர் ஏரி’ எண்டு எங்களுக்குச் சொன்னனீங்கள்.”