ஆறின சோறு

உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஒரு மடம். அதை நடத்திய பெண்மணியை எல்லாரும் மடத்தம்மா என்றே கூப்பிடுவார்கள். சீடராக வந்து சேர்ந்த கோலப்பனுக்கு அம்மாவைவிட வயசு கூடுதல். கல்யாண வீடுகளில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். ஊரெல்லாம் பேர், மனசு மட்டும் காலி.

விடிந்ததும் அம்மா முன்னால் போய் நிற்பார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

அம்மா ஏதாவது சொல்வார். கோலப்பனுக்குப் பளிச்சென்று புரிந்துவிடும். கண்கூடக் கலங்கும். மத்தியானத்துக்குள் மனசு பழையபடி காலி. மறுநாள் மறுபடி போய் நிற்பார்.

"இதைவிடப் பெரிசா ஒண்ணு சொல்லக் கூடாதாம்மா?"

"அடுப்படியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க, அண்ணாச்சி."

உப்பள வேலைக்குப் போகிற பெண்களுக்குக் காலைச் சாப்பாடு மடத்தில்தான். புழுங்கலரிசிச் சோற்றைச் சாயங்காலமே வடித்து, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி வைப்பது வழக்கம். கோலப்பனுக்கு அது பொறுக்கவில்லை. பாடுபடுகிற பிள்ளைகளுக்கு நேற்றைய சோறா?

மறுநாள் கருக்கலிலேயே எழுந்தார். பச்சரிசியைக் குழையக் குழைய வேகவிட்டு, வெல்லம் கரைத்து, சுடச்சுடப் பரிமாறினார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்றாள் செல்லக்கிளி.

"உனக்குத்தான்டி. மாப்பிள்ளை உப்பளத்துக் கணக்கப்பிள்ளை" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பந்தியே சிரித்தது.

உச்சிவெயிலுக்கு முன்பே செல்லக்கிளி உப்புப் பாத்திக்குள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கும் இப்படின்னா வேலைக்கே வராதே" என்று சொல்லிவிட்டார் கணக்கப்பிள்ளை. புருஷன் இல்லாதவள். வீட்டில் கைக்குழந்தை.

கோலப்பன் பதறிப்போய் அம்மாவிடம் ஓடினார்.

"வயிறு நிறையத்தானேம்மா போட்டேன்? ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாளே!"

"வாயில வச்சப்போ எப்படி இருந்தது உங்க சோறு?"

"வெண்ணெயாக் கரையும்மா." அப்போதும் பெருமை விடவில்லை.

"வயித்துலயும் அப்படித்தான் கரைஞ்சிருக்கும்."

அன்று சாயங்காலம் அம்மாவும் அடுப்படிக்கு வந்தார். புழுங்கலரிசிச் சோற்றை வடித்து இறக்கியதும் கோலப்பன் தண்ணீர்ச் செம்போடு குனிந்தார்.

"இருங்க. இன்னும் ஆறல."

கொஞ்ச நேரம் பொறுத்து, "இப்போ?" என்றார்.

"இன்னும்."

"ஆறினா அப்படி என்னம்மா ஆயிரும்?"

"பருக்கை இறுகும். வயித்துக்குள்ள போயும் லேசில இளகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டுக்குடுக்கும்."

காலையில் செல்லக்கிளிக்குக் கோலப்பனே அந்தச் சோற்றைப் பிழிந்து வைத்தார். மோரும் வெங்காயமும் வைத்தார். அவளுக்குப் பின்னாலேயே போய் வரப்பில் நின்றுகொண்டார். அவள் குனியும்போதெல்லாம் இவர் எட்டி எட்டிப் பார்த்தார். உச்சிவெயில் வந்தது, போனது. வெயில் தாழ்ந்ததும் உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள்.

"என்ன அண்ணாச்சி, எனக்குக் காவலா? மாப்பிள்ளை பார்த்தா சந்தேகப்படுவாரு."

கோலப்பன் சிரித்துக்கொண்டே மடத்துக்குத் திரும்பினார். அம்மா அப்போதுதான் அடுத்த நாள் சோற்றை இறக்கி வைத்திருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"காலையில உங்ககிட்ட வார்த்தை கேட்கவே மறந்துட்டேம்மா. இப்பச் சொல்லுங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை நாள் சொன்னதுல ஒண்ணையாவது ஆறவிட்டீங்களா, அண்ணாச்சி?"

கோலப்பன் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.