பெரிய கதவில் விழுந்த ஓட்டை

மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்துப் பண்ணைக்கு ஜமீன்தார் புதிதாக வாசல் கட்டினார். அம்பாரி வைத்த யானை குனியாமல் நுழைய வேண்டும் என்பது அவருடைய ஆசை. கல்தூண்கள் பனை உயரம் நின்றன. தேக்குக் கதவு ஒன்றைத் தள்ளி மூடவே நாலு ஆள் வேண்டும். கதவில் கீறல் விழுந்தால் காவல்காரன் கை போகும் என்பது உத்தரவு.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். காவல்காரன் சடையாண்டி கதவை மூடித் தாழ்போட்டான். துணைக்கு வந்த ஆட்களும் போய்விட்டார்கள். அப்புறம்தான் வெளியிலிருந்து மனைவி ஒச்சாயியின் குரல் கேட்டது.

"என்னங்க... கதவத் திறந்துறாதீங்க."

அவன் கதவில் காதை வைத்தான்.

"திறக்கச் சொல்லுன்னுதான் இவள மறிச்சு வச்சிருக்கேன். மாத்திச் சொல்றா பாரு" என்றது இன்னொரு குரல், நிதானமாக. புலி.

"அவள விட்டுரு சாமி."

"இவளத் தின்னா எனக்கு ஒரு வேளை. உள்ளே இருநூறு மாடு கிடக்கு. திற. திறந்த கதவ நீ ஒருத்தன் மூடிருவியாக்கும்?"

மூட முடியாது. உள்ளே மாடு மட்டுமா? முற்றத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சடையாண்டி கோடரியை எடுத்தான். "தாழ் இறுகிப்போச்சு, உடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கதவின் அடிப்பலகையில் ஓங்கி வெட்டினான். ஒவ்வொரு வெட்டும் தன் மணிக்கட்டில் விழுவதுபோல் இருந்தது.

"மெதுவா வெட்டு, அவசரமில்ல" என்றது புலி.

இடுப்பு உயரத்துக்குப் பலகை பெயர்ந்து விழுந்தது. "புள்ள, உள்ளே பாய்!"

கோடரியை ஓங்கியபடி நின்றான். இருட்டில் ஏதோ ஒன்று ஓட்டைக்குள் தலையை நீட்டியது. மூச்சு மட்டும் கேட்டது. பெண்ணா, புலியா? கொண்டை தெரிந்ததும் பிடித்து இழுத்துப் போட்டான். அடுத்த தலையும் நாக்கைத் தொங்கவிட்டபடி குனிந்து வந்தது. கோடரி இறங்கியது.

நாக்கு துண்டாகி உள்ளே விழுந்தது. வெளியே ஓர் உறுமல் மலையேறிப் போனது. அதில் வார்த்தை இல்லை.

காலையில் ஜமீன்தார் வந்தார். சடையாண்டி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். அவர் ஓட்டையைப் பார்த்தார். கீழே கிடந்த நாக்கைப் பார்த்தார். பிறகு வெளியே போய், அந்த ஓட்டை வழியாகத் தாமே குனிந்து நுழைந்தார். பாதி உடம்பு உள்ளே வந்தபோது அவர் பிடரி சிலிர்த்தது.

"இத அடைக்காதே. சட்டம் அடிச்சு, சின்னதா ஒரு கதவு போடு" என்றார்.

அன்று முதல்தான் எவ்வளவு பெரிய வாசல் கதவிலும் ஒரு சின்னத் திட்டிவாசல் இருக்கிறது. ஜமீன்தாரே ஆனாலும் அதில் கழுத்தை முதலில் நீட்டித்தான் நுழைய வேண்டும், உள்ளே நிற்பவன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்.