ஈர எடை

சுகுணாவிடம் கணக்குக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். நாச்சிமுத்துவோ அறுபதைத் தாண்டியவர், கல்குவாரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குவாரி எவ்வளவு கார்பனைக் காற்றில் விடுகிறது என்று கணக்கிடுவது சுகுணாவின் தொழில். மகள் வயதுக்காரியைக் குருவாக ஏற்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. நல்ல மனிதர்.

முதல் வேலையாக அவருக்கு வாய்த்தது, அவர் உழைத்த அதே குவாரி. பாலம் கட்டும் கம்பெனி ஒன்று அங்கே பாறையை அரைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட் வாங்க வந்திருந்தது. டன் மணலுக்கு ஐந்து கிலோ கார்பனைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆர்டர் கைநழுவினால் கல் அரைக்கும் கிரஷர்களில் ஒன்றை நிறுத்திவிடுவார்கள். அதில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நாச்சிமுத்து கூட்டிவந்து சேர்த்த ஊர்க்காரர்கள்.

டீசல், கரண்ட், வெடிமருந்து எல்லாவற்றின் கார்பனையும் நாச்சிமுத்து கூட்டினார். எடைமேடை காட்டிய மணல் எடையால் வகுத்தார்.

"நாலு புள்ளி ஆறு ஏழு ரெண்டுங்க மேடம். மூணு தசமம் வரைக்கும் போட்டுட்டேன். இதைவிடத் துல்லியமா வருமுங்களா?"

சுகுணா வெளியே பார்த்தார். எடைமேடையில் ஒரு லாரி நின்றது. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுவிய மணலை ஈரத்தோடு ஏற்றுவதுதான் அங்கே வழக்கம். வழியில் தூசி பறக்காது பாருங்கள்.

அந்தக் குவியலிலிருந்தே பத்துக் கிலோ மணலை நிறுத்து, ஒரு தகரத்தில் பரப்பி வெயிலில் வைத்தார் சுகுணா.

"வாங்க, சாப்பிட்டு வந்துரலாம்."

சாயங்காலம் மறுபடி நிறுத்தார்கள். ஒன்பது கிலோ இருநூறு கிராம்.

"மீதி எங்கீங்க?"

"தண்ணிங்க. காஞ்சு போச்சு."

"அந்தத் தண்ணிய எந்தப் பாறைய வெடி வெச்சு எடுத்தீங்க? எந்த கிரஷர்ல போட்டு அரைச்சீங்க?"

நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருஷம் அந்த எடைமேடையைக் கட்டி மேய்த்தவர் அவர்தான். காய்ந்த எடையால் திரும்ப வகுத்துப் பார்த்தார். ஐந்தைத் தாண்டியது. பேனாவை மூடிவிட்டார்.

"எல்லாக் குவாரியிலயும் ஈர எடைதானுங்க போடறாங்க."

"ஆமாங்க."

"கம்பெனிக்காரன் என்ன, காய வெச்சா பார்க்கப் போறான்?"

"மாட்டானுங்க."

"கிரஷர் ஓட்டற மாரப்பன் மவளுக்குத் தையில கல்யாணமுங்க. நாந்தான் அவனை இங்க கூட்டியாந்தேன்." சுகுணாவுக்கும் மனசு பாரமாகத்தான் இருந்தது.

"இந்த ஒருவாட்டி மட்டும் ஈரத்தோடயே எழுதிரலாமுங்களா மேடம்?"

"எழுதுங்க, நான் தடுக்கலை. வெயில்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருங்க."