சிட்டுவின் தலையீத்து

தாளவாடிப் பக்கத்து மார்கழிக் குளிர் பொல்லாதது. அங்கே ஐந்து ஏக்கர் தோட்டமும் நாலு மாடும் வைத்திருந்தாள் நாச்சம்மாள். அவளிடம் தியானம் கற்க வருகிறவர்கள் முதலில் தொழுவம் கூட்டக் கற்க வேண்டும். அவளுக்கு வயது நாற்பதுதான். சீடர் வரதராசனுக்கு அறுபத்தொன்று. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வாழ்நாள் முழுக்க அழுக்கைத் தேடியே ஓய்வு பெற்றவர்.

வந்த எட்டு மாதமாக மனிதருக்கு ஒரே கேள்விதான்.

"மனசு எப்பம்மா சுத்தமாகும்?"

"சாணி அள்ளியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அன்று விடிந்ததும் அவள் மடை திருப்பப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சிட்டு என்ற பசு கன்று போட்டுவிட்டது. அவள் திரும்பி வந்தபோது வரதராசன் தொழுவ வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சிட்டு கன்னை முட்டித் தள்ளுதும்மா. கிட்டயே சேர்க்க மாட்டேங்குது."

கன்று மூலையில் சுருண்டு கிடந்தது. நாச்சம்மாள் குனிந்து அதை முகர்ந்தாள்.

"என்ன பண்ணுனீங்க?"

"குளிர்ல நடுங்குச்சு. மேலெல்லாம் வேற வழவழன்னு இருந்துச்சு. வெந்நீர் வெச்சுக் குளிப்பாட்டித் துடைச்சேன்."

"சோப்புப் போட்டீங்களா?"

"என்னோடதுதான். நல்ல சோப்பு."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சிட்டுக்கு இது தலையீத்து, முதல் கன்னுங்க. நக்கி நக்கித்தான் தன் கன்னுன்னு தெரிஞ்சுக்கும். நக்குறதுக்கு இருந்ததையெல்லாம் நீங்க கழுவிப்போட்டீங்க."

கன்று எழப் பார்த்தது. முன்னங்கால் மடங்கி விழுந்தது.

"பிழைக்குமா?"

"சீம்பால் உள்ள போனாப் பிழைக்கும். இந்தக் குளிர்ல வெறும் வயித்தோட கிடந்தா மத்தியானம் தாண்டாது."

கன்று பிறந்து விழுந்த இடத்தில் ரத்தமும் பனிக்குட நீருமாக வைக்கோல் ஊறிக் கிடந்தது. அவள் அதைக் காட்டினாள்.

"அதை அள்ளிக் கன்னு மேல தேயுங்க."

அவர் எடுத்துப் பிடிக்கத் துணி கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் இரண்டு கையாலும் வாரி எடுத்தார். வாடைக்கு மூச்சை அடக்கிக்கொண்டார். முதுகு, கழுத்து, காது என்று தேய்க்கத் தேய்க்கக் கன்றின் நடுக்கம் அவர் முழங்கை வரை ஏறியது. அதற்கப்புறம் வாடை நினைவில் இல்லை. செத்துத் தொலைந்துவிடாதே என்று மட்டும் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நக்க ருசியாக இருக்கட்டும் என்று நாச்சம்மாள் கன்றின் மேல் தவிடும் உப்பும் தூவி, அதைத் தாயின் முன்னால் தள்ளிவிட்டாள்.

சிட்டு முகர்ந்தது. மூச்சைச் சீறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வரதராசனுக்கு உயிரே போய்விட்டது.

மறுபடியும் மூக்கை நீட்டியது. ஒரு தரம் நக்கியது. அப்புறம் அடித்தொண்டையில் மெல்லக் கனைத்துக்கொண்டு கழுத்திலிருந்து வால் வரை நக்கத் தொடங்கியது. கன்று எழுந்தது, விழுந்தது, மறுபடியும் எழுந்தது. மடி எங்கே என்று தெரியாமல் தாயின் முன்னங்காலை முட்டிப் பார்த்தது. ஒருவழியாகக் காம்பைப் பிடித்துக்கொண்டதும் வால் ஆடத் தொடங்கியது.

வரதராசன் வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதார். அவருக்கு வெட்கமாகவே இல்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ புரட்டிப் போட்டது போலிருந்தது.

சிட்டு தலையைத் திருப்பி, உப்பும் தவிடும் ரத்தமும் அப்பியிருந்த அவர் கையை நக்கத் தொடங்கியது. சொரசொரவென்ற சூடான நாக்கு.

"கையெல்லாம் அசிங்கமா இருக்கும்மா, கழுவிட்டு வந்துடறேன்" என்று அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"இருங்கண்ணா" என்றாள் நாச்சம்மாள். "அது முடிக்கட்டும்."