ஐந்து மில்லிவோல்ட் மாப்பிள்ளை

கோணச்சத்திரத்துக்காரர்களை முட்டாள்கள் என்று பக்கத்து ஊர்களில் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முட்டாள் என்பவன் யோசிக்காமல் செய்கிறவன். கோணச்சத்திரத்தில் யோசிக்காமல் யாரும் கொட்டாவிகூட விடுவதில்லை. யோசித்து, கூடிப் பேசி, ஒருமனதாகத் தீர்மானித்து, அதற்கப்புறம்தான் தப்பாகச் செய்வார்கள்.

அந்த ஊரில் ஓர் இசைத்தட்டு ரசிகர் சங்கம் உண்டு. குஞ்சிதபாதம் தலைவர், வைரக்கண்ணு செயலாளர், ஆவுடையப்பன் பொருளாளர். உறுப்பினர்களும் அவர்களேதான். ஊராட்சி கொடுத்த ஒற்றை அறைக் கட்டடத்தில் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயரை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அது ஊமையாகிவிட்டது. தட்டு சுற்றியது, பாட்டு வரவில்லை. மூவரும் தினமும் மாலையில் தட்டு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நல்லா சுத்துச்சு" என்று பாராட்டிவிட்டு வீடு திரும்பினார்கள்.

விஷயம் கேரம் கழகத்தின் காதுக்குப் போனது. அவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். ஊராட்சித் தலைவர் செங்கமலத்தம்மாளிடம் போய் முறையிட்டார்கள். அந்த அம்மாள், "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன். அந்தப் பிளேயர் ஒரு பாட்டாவது பாடணும். பாடலைன்னா சாவி கேரம் கழகத்துக்கு" என்று சொல்லிவிட்டார்.

குஞ்சிதபாதம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அறை போய்விட்டால் சாயங்காலம் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் தேங்காய் துருவச் சொல்வார்கள்.

சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி மகள் சூடாமணிக்கு போன் போட்டார்.

"பெரியப்பா, பிளேயர் கையோட நுனியில குட்டியா ஒரு பெட்டி இருக்கும். அதுக்குப் பேரு கார்ட்ரிட்ஜ். ஊசி தட்டுல ஓடுறப்போ ஆடும். அந்த ஆட்டத்தை மின்சாரமா மாத்துறது அந்தப் பெட்டி. அதுதான் போயிருக்கு. ஜங்ஷன் பக்கம் பழைய சாமான் கடையில கிடைக்கும். ஒண்ணுக்கு ரெண்டா ஒப்பிட்டுப் பாத்து வாங்குங்க. அஞ்சு மில்லிவோல்ட் குடுக்கிறதா இருக்கணும். புள்ளி நாலு குடுக்கிறது வேண்டாம், சத்தமே வராது. ஊசி அதே கம்பெனி ஊசியா இருக்கட்டும். ஊசி மேல ரெண்டு கிராம் எடை விழணும். புரிஞ்சுதா?"

"புரியாம என்ன" என்றார் குஞ்சிதபாதம். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

கடைக்காரர் சிவப்புப் பெட்டி ஒன்றும் நீலப் பெட்டி ஒன்றும் எடுத்து வைத்தார். சிவப்பு ஐந்து மில்லிவோல்ட். நீலம் புள்ளி நான்கு.

"அட்டையில போட்டிருக்கிறத நம்பக்கூடாது" என்றார் ஆவுடையப்பன். டார்ச் பேட்டரியை நாக்கில் வைத்து உயிர் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. சிவப்பு கார்ட்ரிட்ஜை எடுத்து நாக்கில் வைத்தார். நீலத்தையும் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"எப்படி இருக்கு?"

"ரெண்டும் சப்புன்னு இருக்கு. சிவப்பு மட்டும் கொஞ்சம் தூசி."

வைரக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். "இது என்னப்பா, அதிர்வெண் இருபதுலேருந்து இருபதாயிரம் வரைன்னு போட்டிருக்கான்? மாட்டுக்கு இருபது ரூபாயிலேருந்து இருபதாயிரம் வரைன்னு விலை சொன்னா, அந்த ஆளை நம்பி யாராச்சும் மாடு பிடிப்பாங்களா?"

"ரெண்டுலயும் அப்படித்தாங்க போட்டிருக்கும்" என்றார் கடைக்காரர்.

"அப்ப ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் பண்றாங்க."

கடைசியில் சூடாமணி சொன்னபடியே சிவப்பை எடுத்தார்கள். அதில் ஊசி இல்லை. கடைக்காரர் இன்னொரு டப்பாவைத் திறந்தார். "உங்க அதிர்ஷ்டம், இதே கம்பெனி ஊசி ஒண்ணே ஒண்ணு இருக்கு."

குஞ்சிதபாதம் வாங்கக் கை நீட்டினார். வைரக்கண்ணு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, கொஞ்சம் யோசிங்க. ரெண்டும் ஒரே கம்பெனி. அப்படின்னா ஒரே வீட்டுப் பிள்ளைங்க. அண்ணன் தங்கச்சி. இதுங்கள எப்படிச் சேத்து வைக்கிறது?"

குஞ்சிதபாதத்தின் முகம் வெளுத்தது. "நல்ல வேளை சொன்னே. படிச்ச பொண்ணு, முறை தெரியாம சொல்லிட்டுது."

"நீல கம்பெனி ஊசி இருக்கா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"இருக்கு. ஆனா இதோட சேராதுங்க."

"ஆரம்பத்துல யார்தான் சேருறாங்க? எங்க அப்பாவும் அம்மாவும் நான் பள்ளிக்கூடம் போற வரைக்கும் பேசிக்கவே இல்ல."

கடைக்காரருக்கும் குடும்பம் இருந்தது. பேசாமல் கட்டிக் கொடுத்தார்.

ஊர் வந்து சேர்ந்து சொருகிப் பார்த்தார்கள். ஊசி உள்ளே போகவில்லை. இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். குஞ்சிதபாதம் மறுபடியும் சூடாமணியைக் கூப்பிட்டார்.

"அதே கம்பெனி ஊசி வாங்கச் சொன்னேனே பெரியப்பா."

"அண்ணன் தங்கச்சிம்மா."

"அது பிளாஸ்டிக்கு" என்றாள் சூடாமணி.

"பிளாஸ்டிக்குன்னா மானம் மரியாதை இல்லையா?"

"பெரியப்பா, ஒரு கம்பெனிக்காரன் பள்ளத்தையும் அதுக்கேத்த மேட்டையும் சேத்துச் செய்யிறான். அது அளவு சம்பந்தப்பட்டது. இதுல எங்கேருந்து முறை வந்துது? மனுசங்களுக்குத்தான் பாத்துப் பாத்துப் பிரிச்சு வைக்கிறீங்க, ஊசியையாவது விடக்கூடாதா?"

"உன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் நியாயம் பேசப்போறே, இப்பவே தெரியுது" என்று போனை வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு நம்ம மேலதான். தாலி கட்டாம உள்ளே போன்னா எந்தப் பொண்ணு போகும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டட வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. செங்கமலத்தம்மாள் வந்தார். கேரம் கழகம் பலகையோடும் பவுடர் டப்பாவோடும் வந்து நின்றது. சந்தனம் கொடுத்தார்கள், எல்லாரும் பூசிக்கொண்டார்கள். ஆவுடையப்பனின் மோதிரத்தைத் தட்டாரிடம் நிறுத்தாயிற்று, இரண்டு கிராம். அதை மஞ்சள் கயிற்றில் கோத்து, கார்ட்ரிட்ஜோடு ஊசியைச் சேர்த்து வைத்து, குஞ்சிதபாதமே இரண்டு முடிச்சுப் போட்டார். முறையும் ஆயிற்று, எடையும் ஆயிற்று.

மணி பத்து. தட்டைச் சுற்றவிட்டு, மெதுவாகப் பிளேயர் கையை இறக்கினார்கள்.

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தட்டு நன்றாகச் சுற்றியது.

"பாட்டைக் காணோமே" என்றார் செங்கமலத்தம்மாள். கேரம் கழகத்தார் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள். குஞ்சிதபாதத்துக்குத் தேங்காய் துருவி கண்முன் வந்து நின்றது.

"இப்பத்தானேம்மா கல்யாணம் ஆச்சு" என்றார். "இத்தனை பேர் முன்னாடி பாடுன்னா, பொண்ணு கூச்சப்படாதா?"

அப்போதுதான் பையும் கையுமாக சூடாமணி உள்ளே நுழைந்தாள். முதல்நாளே ரயிலேறி வந்து, கடையை மூடப்போன மனிதரை மடக்கி, சிவப்பு கம்பெனி ஊசியை வாங்கிவிட்டிருந்தாள். "தள்ளுங்க. இத மாட்டினா அரை நிமிஷத்துல பாடும்."

குஞ்சிதபாதம் பிளேயரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"சூடாமணி" என்றார் குஞ்சிதபாதம். "உன் கையில இருக்கிறது யாரு தெரியுதா?"

"ஊசி."

"மாப்பிள்ளையோட தங்கச்சி."

"அந்தத் தங்கச்சியை அந்தப் பெட்டியில மாட்டினாத்தான் பாட்டு வரும்."

ஆவுடையப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வைரக்கண்ணுவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "தலைவரே, இப்பல்ல புரியுது ஏன் பாடலைன்னு. மூணாவது முடிச்சு யார் போடணும்? நாத்தனார் போடணும். நாத்தனார் வராம கல்யாணம் எப்படி முடியும்?"

கூட்டம் முழுக்க "அதானே" என்றது. கேரம் கழகத்தார்தான் முதலில் சொன்னார்கள். சூடாமணியின் விரலிலிருந்து ஊசியை வாங்கி, கயிற்றில் தொட்டு, மூன்றாவது முடிச்சைப் போட்டார்கள். அட்சதை விழுந்தது. பிளேயருக்குள்ளும் கொஞ்சம் விழுந்தது.

செங்கமலத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிய வீட்டை விட்டு வெளியேத்துற பாவம் எனக்கு வேண்டாம். தலைப்பிரசவம் முடியிற வரைக்கும் கட்டடம் இவங்ககிட்டயே இருக்கட்டும். பாட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

கேரம் கழகம் பலகையை மொய்யாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது.

சூடாமணி அங்கேயே நின்றாள். "இப்ப அந்த நல்ல ஊசிய என்ன பண்ணப்போறீங்க?" என்றாள்.

"அதத்தாம்மா நாங்களும் யோசிச்சுக்கிட்டிருக்கோம்" என்றார் குஞ்சிதபாதம். "கல்யாண வயசுல ஒரு பொண்ண டப்பாவுக்குள்ளயே எத்தனை நாள் வெச்சிருக்க முடியும்?"

மறுநாள் காலை பஸ்ஸில் மூவரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு பழைய சாமான் கடைக்குக் கிளம்பினார்கள். நீலப் பெட்டியைக் கேட்டுத்தான்.

"புள்ளி நாலு மில்லிவோல்ட்டுதான். வருமானம் கம்மிதான்" என்றார் வைரக்கண்ணு. "ஆனா பொண்ணு எடுத்த இடத்துலயே பொண்ணு குடுக்கிறோம். அதுவுமில்லாம பையன் ரொம்ப அடக்கமானவன். சத்தமே போடமாட்டான்னு சூடாமணியே சொல்லியிருக்கா."