பின்சீட்டு அதிகாரி

இரட்டைமலைக்கு ராஜா உண்டு, ராஜ்யம்தான் கிடையாது. அந்தத் துக்கத்தை அவர் பழைய போலீஸ் கார்களில் ஆற்றிக்கொண்டார். ஆண்டுக்கு ஒருமுறை அரண்மனை மைதானத்தில் அவரைப் போன்ற கார்ப் பைத்தியங்கள் எல்லாம் கூடுவார்கள். கூடி என்ன செய்வார்கள்? சண்டை போடுவார்கள். சிவப்பு விளக்கு கூரையின் நடுவிலா, இடப்பக்கமா என்று ஒரு காலைப்பொழுதே போய்விடும். "அந்தக் காலத்து ஸ்குரூவிலே ஒரே கோடுதான்யா! ப்ளஸ் இருந்தா மோசடி!" என்று ஒருவர் வண்டிக்கடியில் படுத்தபடி கத்துவார். சைரன் வருமுன் போலீஸ் கார்களில் இருந்த மணி எத்தனை அங்குலம் என்பதில் பேச்சு வார்த்தை முறிந்த சம்பந்திகள்கூட உண்டு.

ராஜாவின் செல்லம் ஒரு கறுப்புக் கார். அறுபது வருஷத்துக்கு முன்னால் இரட்டைமலை போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஒரே கார் அதுதான் என்பது அவர் கட்சி. அரிசி ஆலைக்குப் பின்னால் கோழிகள் குடியிருந்த அந்த வண்டியைக் கண்டுபிடித்து, மூன்று வருஷம் பாடுபட்டு ஓடவைத்தவர் அரண்மனை மெக்கானிக் கோமதிநாயகம்.

இந்த வருஷம் வந்தது வினை. சென்னையிலிருந்து நரசிம்மலு என்ற நிபுணர் இன்னொரு கறுப்புக் காரில் வந்து இறங்கினார். கையில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் போட்டோ ஆல்பம்.

"இரட்டைமலை ஸ்டேஷன் கார் இதுதான், ஹைனஸ். உங்களுது டூப்ளிகேட்."

ஸ்டேஷன் ரெக்கார்டுகளைக் கரையான் என்றைக்கோ தின்று ஏப்பம் விட்டிருந்தது. ஆகவே மனுஷர் தைரியமாக ராஜாவின் காரைச் சுற்றிவந்து குறை அடுக்கினார்.

"பம்பர் வளைஞ்சிருக்கு. மணியிலே கீறல். சீட்டு உறை கோணல். பின்கதவு ரெண்டுலயும் உள்கைப்பிடியே காணோம், கண்ணாடி இறக்குற பிடியும் இல்லே! என் வண்டியைப் பாருங்க. கம்பெனியிலே பூட்டின கைப்பிடி. இன்னிவரைக்கும் ஒரு ஸ்குரூ கழட்டினது கிடையாது."

கூட்டம் 'உச்' கொட்டியது. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

"கோமதிநாயகம்! மூணு வருஷமா என்னை ஏமாத்தினியா? சாயங்காலத்துக்குள்ள இது நிஜ வண்டின்னு நிரூபிக்கணும். இல்லேன்னா ஷெட் சாவியைக் குடுத்துட்டு ஊரைப் பார்த்துப் போயிடு!"

கோமதிநாயகம் ஷெட் சாவியை அப்போதே எடுத்து ராஜாவிடம் கொடுத்தார். அவருக்கு வீடு, வாசல், சொந்தம் எல்லாம் அந்த ஷெட்தான். காரின் பின்கதவையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கேரியரில் ஒரு பெரியவர். தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் திருநீறு, எண்பது வயதிலும் நிமிர்ந்த நடை. கடைத்தெருவில் பூட்டுக்கடை வைத்திருக்கும் வில்லாயுதம்.

"மகாராஜா, இவுக ஸ்டேஷன் கார்ல பதினோரு தடவை போயிருக்காக. இவுகளே சொல்லட்டும்" என்றார் கோமதிநாயகம்.

நரசிம்மலு விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். "சார், நீங்க எந்த சீட்டுலே உட்காருவீங்க?"

"பின்னாடிதான். ரெண்டு பக்கமும் ரெண்டு போலீஸ்காரக இருப்பாக."

"பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய அதிகாரி!" நரசிம்மலு கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினார். "சார் சொன்னா சரி. எனக்கு முழுச் சம்மதம்!"

வில்லாயுதம் முதலில் ராஜாவின் காருக்குள் ஏறினார். கதவு சாத்தப்பட்டது. முழங்காலைச் சேர்த்து, கையைக் கட்டி, பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. "என்ன ஒரு கூர்ந்த கவனிப்பு!" என்று ஒருவர் வியந்தார். கோமதிநாயகம் போய் வெளியிலிருந்து கதவைத் திறந்ததும் இறங்கினார்.

அடுத்து நரசிம்மலுவின் கார். உள்ளே போய் உட்கார்ந்தார். பளபளவென்றிருந்த கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். ஒரு திருகு, கதவு திறந்தது. இறங்கினார். மறுபடி ஏறி, நகர்ந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ இதுதானே சார்?" என்றார் நரசிம்மலு.

"இது இல்லீங்க."

"எப்படி சார்? ஒரு போலீஸ் அதிகாரியா இருந்துட்டு..."

"அதிகாரியா? ஐயோ சாமி, நான் அந்தக் காலத்துல சைக்கிள் திருடன்லா! பதினோரு தடவையும் என்னைப் பிடிச்சுக் கொண்டுபோன வண்டி அது. உள்ள இப்படி ஒரு கைப்பிடி இருந்திருந்தா, நான் ஒரு தடவையாச்சும் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்திருப்பேனா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. நரசிம்மலு பாவம், வைத்த சல்யூட்டைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

ராஜா ஷெட் சாவியைக் கோமதிநாயகத்தின் கையிலேயே அழுத்தினார். "கோபத்துல சொல்லிட்டேன்யா, மனசுல வச்சுக்காதே" என்றார். பிறகு வில்லாயுதத்திடம் திரும்பினார். "உமக்கு என்ன வேணும், கேளும்."

"ஒரே ஒரு தடவை முன்சீட்டுல போகணும், மகாராஜா."

போனார்கள். கோமதிநாயகம் ஓட்ட, வில்லாயுதம் முன்னால் உட்கார்ந்து மணியை அடிஅடியென்று அடிக்க, ராஜா பின்சீட்டில். ஊரைச் சுற்றி அரண்மனை வாசலுக்கு வந்ததும், வில்லாயுதம் தன் கையால் கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக இறங்கினார்.

உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. "யோவ்! யாராவது திறங்கய்யா!"

வில்லாயுதம் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"சத்தம் போட்டா திறக்க மாட்டாக, மகாராஜா. கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காருங்க. எனக்கு அனுபவம் உண்டு."